பன்னெண்டு பேர்ல ஒருத்தி

டோக்கன் நாப்பத்தேழு. போர்டுல இப்பதான் முப்பத்தொண்ணு ஓடுது. ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிஷம்னு வெச்சாலும் எம்பது நிமிஷம் ஆகும், அதுக்குள்ள தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணாவது இந்தக் கதவைத் திறந்துக்கிட்டு வரும், வந்து, என்ன சௌந்தரி இங்க உக்காந்திருக்கேன்னு கேக்கும், நான் என்ன சொல்றது. பாஸ்புக்கு என்ட்ரி போட வந்தேன்னு சொல்லலாம். பாஸ்புக்கு மிஷின் அங்க வாசல்கிட்ட இருக்கு, டோக்கன் எதுக்குன்னு திருப்பிக் கேட்டா? கேக்கமாட்டாங்க. என்னைப் பார்த்து யாரும் அந்த மாதிரி கேக்கமாட்டாங்க, நான் எங்க மகளிர் சுயஉதவிக் குழுவோட பொருளாளர், பேங்குல உக்காந்திருக்கறது என் வேலை. கம்பெனியில லீவு சொல்லும்போது உடம்பு சரியில்லைன்னு சொன்னேன், அது பொய்யும் இல்ல, ஆறு வாரமா தூக்கமும் இல்ல, சோறும் இறங்கல. மடியில மஞ்சப்பை. பைக்குள்ள மனு. மனுவை நானே எழுதினேன், என் கையெழுத்து நல்லா இருக்கும், எல்லாரும் சொல்வாங்க. "என் பெயரில் உள்ள தவறான பதிவை நீக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." தவறான பதிவாம். எழுதும்போதே கை கூசுச்சு. தப்பு பதிவுலயா இருக்கு? கடன் வாங்கினது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா? வேற எப்படி எழுதறது, ஐயா நான் ஒரு பொய்க்காரி, ஆனாலும் பதிவை நீக்குங்கன்னா எழுத முடியும்? முப்பத்திரண்டு. ஒரு பெரியவர் எழுந்து போறார், வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு.

அஞ்சாம் தேதி, ஏழாம் தேதி. இந்த ரெண்டு நாள்தான் எல்லாத்துக்கும் காரணம்னு எத்தனை தடவை சொல்லிக்கிட்டேன். குழுவோட பழைய லோனுக்குத் தவணை அஞ்சாம் தேதி. எங்க ஷூ கம்பெனியில சம்பளம் ஏழாம் தேதி. எல்லாருக்கும் இதே கஷ்டந்தான், பாதிப் பேர் கம்பெனி, மீதிப் பேர் வீட்ல உக்காந்து அப்பர் தைக்கறவங்க, அதாவது ஷூவோட மேல்பாகம், ஜோடிக்கு இவ்வளவுன்னு. அவங்கல்லாம் ஒருநாள் ரெண்டுநாள் தள்ளிக் கொடுப்பாங்க, நான் நோட்டுல பேருக்கு நேரா சிவப்பு மையில "தாமதம்"னு எழுதுவேன். எழுதிட்டு அவங்களுக்குத் தெரியற மாதிரி நோட்டைத் திருப்பி வெப்பேன். ஆமா, வேணும்னேதான் வெப்பேன். என் பேருக்கு நேரா ஒரு சிவப்பு கூட இருக்காது, ஏழு வருஷத்துல ஒண்ணு இல்ல. அந்தப் பெருமைக்காகத்தான் கடன் கொடுக்கற அந்த ஆப்பை போன்ல ஏத்தினேன். ஆஸ்பத்திரிக்கா, காரியத்துக்கா, ஒண்ணுக்கும் இல்ல. நோட்டுல சிவப்பு வரக்கூடாது, அவ்வளவுதான். ஐயாயிரம் கேட்டா நாலாயிரத்து நூறு கையில வரும், ஏழாம் தேதி சம்பளம் விழுந்ததும் அவனே கணக்குலேருந்து ஐயாயிரத்தை எடுத்துக்குவான். ரெண்டு நாளைக்குத் தொள்ளாயிரம். கணக்குல நான் புலி, அடுத்தவங்க வட்டியைப் பைசா சுத்தமா போடுவேன், இதை மட்டும் போட்டுப் பார்க்கவே இல்ல. முதல் மாசம் யாருக்கும் தெரியாம முடிஞ்சுது, அடடா, எவ்வளவு சுலபம்னு நினைச்சேன். ரெண்டாவது மாசம் அந்தத் தொள்ளாயிரம் குறைஞ்சதால மறுபடியும் எடுத்தேன். அப்புறம் அது ஒரு பழக்கம். அஞ்சாம் தேதி காலைல பாத்ரூம்ல தாப்பாப் போட்டுக்கிட்டு, தண்ணியைத் திறந்து விட்டுட்டு, போனை முகத்துக்கு நேரா பிடிக்கணும், முகம் காட்டினாத்தான் அவன் பணம் போடுவான். கண்ணைச் சிமிட்டுன்னு சொல்லும். சிமிட்டுவேன். நாப்பத்திரண்டு வயசுல ஒரு பொம்பளை பக்கெட்டு பக்கத்துல நின்னு போனைப் பார்த்துக் கண் சிமிட்டிக்கிட்டு. வெளிய எங்க வீட்டுக்காரர், என்ன இவ்வளவு நேரம்னு கேப்பார்.

போன வருஷம் ஆடியில கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் பணம் வரல, சம்பளம் நாலு நாள் தள்ளிப்போச்சு. ஏழாம் தேதி ஆப்புக்காரன் இந்தப் பேங்குல இருந்த என் சம்பளக் கணக்குல கை விட்டான், பணம் இல்ல. மதியம் விட்டான். சாயந்தரம் விட்டான். மூணு தடவைக்கும் பேங்க் அபராதம் போட்டுச்சு, ஒண்ணுக்கு ஐநூத்தித் தொண்ணூறு. கணக்குல இருந்த நூத்திச் சொச்சத்தையும் தின்னுட்டு மைனஸ்ல போய் நின்னுச்சு. பணம் இல்லாத கணக்கு இருக்கும்னு தெரியும், இல்லாததுக்குக் கீழயும் போகும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஆப்புக்காரங்க போன் பண்ணாங்க, கம்மலை அடகு வெச்சு அவனுக்குக் கட்டினேன், பிள்ளைங்ககிட்ட கம்மல் திருகு தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னேன். அதோட ஒழிஞ்சுதுன்னு நினைச்சேன். தள்ளிப்போன அந்தச் சம்பளத்தைக் கையிலயே கொடுத்துட்டாங்க, அடுத்த மாசமே கம்பெனி எல்லாருக்கும் வேற பேங்குல சம்பளம் போட ஆரம்பிச்சுட்டாங்க, இந்தப் பழைய கணக்கை நான் திரும்பிக்கூடப் பார்க்கல. மெசேஜ் வரும். இங்கிலீஷ்ல வரும். படிக்காமலே அழிப்பேன். படிக்கத் தெரியாமயில்ல, எழுத்துக்கூட்டினா புரியும், புரியக்கூடாதுன்னுதான் அழிச்சேன். அது அங்கயே கிடந்து, அபராதத்துக்கு மேல அபராதம் ஏறி, கடன் கட்டாதவள்னு என் பேர்ல ஒரு பதிவா ஆயிடுச்சு. முப்பத்தஞ்சு. ஏசி காத்து நேரா கழுத்துல விழுது, ஆனா முதுகு நனைஞ்சிருக்கு.

நானாத்தான் இருக்கும். வந்துடுச்சு பாரு, இந்த வார்த்தை வராம ஒரு மணி நேரம் போகாது. நானாத்தான் இருக்கும்க்கா. குமுதா சொன்னது. புது லோனுக்குப் பன்னெண்டு பேரும் எழுதிப்போட்டோம், ஆளுக்கு அம்பதாயிரம். எங்க தலைவி பவுனம்மாக்காவுக்கு மழைக்கு முன்னாடி கூரை மாத்தணும், எனக்கு எங்க பொண்ணோட நர்சிங் ஃபீஸ், குமுதாவுக்குச் சொந்தமா ஒரு தையல் மிஷின். பேங்குலேருந்து பவுனம்மாக்காவுக்குப் போன் வந்துச்சு, உங்க பன்னெண்டு பேர்ல ஒருத்தர் கடன் ரெக்கார்டு சரியில்லை, அதனால குழுவுக்கே இப்ப கொடுக்க முடியாதுன்னு. யார்னு சொல்லமாட்டாங்களாம், அது அவங்க சட்டமாம். ஞாயித்துக்கிழமை பால்வாடி கட்டடத்துல கூட்டம். வட்டமா உக்காந்தோம். பவுனம்மாக்கா கத்தல, கத்தியிருந்தா பரவாயில்லை, மெதுவாத்தான் கேட்டாங்க, "யாரா இருந்தாலும் அவங்களே சொல்லிடுங்கம்மா, நாமளே நமக்குள்ள பேசிக்கலாம்." எனக்குத் தெரியாது. ரெக்கார்டை அப்ப நான் பார்க்கல, அதனால எனக்குத் தெரியாது. இப்படித்தான் சொல்லிக்கறேன். வயித்துக்குத் தெரிஞ்சிருந்துச்சு, போன் வந்தன்னிக்கே தெரிஞ்சிருந்துச்சு. நான் குனிஞ்சு வருகைப்பதிவு எழுதிக்கிட்டே இருந்தேன், ஒரு பேரை ரெண்டு தடவை எழுதி ஒண்ணை அடிச்சேன். அப்ப எதிர்ல ஒரு விசும்பல். குமுதா. "நானாத்தான் இருக்கும்க்கா. வாஷிங் மிஷின் தவணை ரெண்டு மாசம் லேட்டாக் கட்டினேன்." சொல்லிட்டு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. எல்லாரும் மூச்சு விட்டாங்க. நானும் விட்டேன். என் மூச்சுதான் எல்லாரையும்விடப் பெருசா வந்திருக்கும்.

அப்ப சொல்லியிருக்கலாம். இரு குமுதா, நானும் பார்க்கணும்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். ஆனா பவுனம்மாக்கா என்னைப் பார்த்து, சௌந்தரி, தீர்மானம் எழுதும்மான்னாங்க. எழுதினேன். எங்க குழுவுல எதுன்னாலும் தீர்மானப் புத்தகத்துல எழுதிக் கையெழுத்து வாங்கணும், டீத்தூள் வாங்கினாக்கூட. "உறுப்பினர் திருமதி குமுதவல்லி அவர்கள் குழுவின் நலன் கருதித் தாமாக முன்வந்து விலகிக்கொள்வதை இக்கூட்டம் ஏகமனதாக ஏற்றுக்கொள்கிறது." தாமாக முன்வந்துன்னு நான்தான் போட்டேன். நீக்கப்படுகிறார்னு போட்டா அவ மனசு கஷ்டப்படும்னு போட்டேனாம். அந்த வார்த்தை கிடைச்சப்போ ஒரு திருப்தி வேற வந்துச்சு, சீ, இப்ப நினைச்சாலும் காறித் துப்பணும்போல இருக்கு. சத்தமா வாசிச்சேன். பவுனம்மாக்கா, நல்லா எழுதியிருக்கே சௌந்தரின்னாங்க. குமுதாவும் கையெழுத்துப் போட்டா, விலகறவளும் போடணும்னு நான்தான் விதியைச் சொன்னேன். கு எழுதி, மு எழுதி, எப்பவும் மெதுவாத்தான் எழுதுவா, எல்லாரும் காத்துக்கிட்டிருந்தோம். அப்புறம் அவ சேமிப்புப் பணத்தை எண்ணிக் கையில கொடுத்தேன். அவ எண்ணிப் பார்க்கல. "நீங்க எண்ணினா சரியா இருக்கும்க்கா"ன்னு ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டுப் போனா.

மறுநாளே ப்ரௌசிங் சென்டர்ல போய் என் ரெக்கார்டைப் பிரின்ட் எடுத்தேன். சிவப்பு. பழைய கணக்குல பாக்கி. சென்டர்க்காரர், "சின்னத் தொகைதான்க்கா, கட்டிட்டு பேங்குல மனு கொடுங்க, மாறிடும்"னார். கட்டினேன், போன மாசம், முழுசா. இப்ப மனு. அடுத்த மாசம் பதினோரு பேரா மறுபடியும் எழுதிப்போடறோம். அதுக்குள்ள இது அழியலைன்னா திரும்பவும் ஒருத்தர் ரெக்கார்டு சரியில்லைன்னு போன் வரும், குமுதாதான் போயிட்டாளே, அப்ப இது யாருன்னு கேப்பாங்க. அதுக்குத்தான் ஓடி வந்திருக்கேன். குமுதாவுக்காக இல்ல. நல்லா ஞாபகம் வெச்சுக்கோ சௌந்தரி, குமுதாவுக்காக நீ வரல. ஆனா குமுதா ரெக்கார்டும் கெட்டுத்தான் இருக்கும். ரெண்டு மாசம் லேட்டுன்னா சும்மாவா விடுவாங்க. ரெண்டு பேரா இருந்து, பேங்குல பொதுவா ஒருத்தர்னு சொல்லியிருப்பாங்க. இதைத்தான் ஆறு வாரமா தலைகாணிக்கடியில வெச்சுக்கிட்டுப் படுக்கறேன். அவளும் தப்பு, நானும் தப்பு, மாட்டினது அவ, அவ்வளவுதான். போன வாரம் மார்க்கெட்ல பவுனம்மாக்கா சொன்னாங்க, குமுதா வீட்டுக்காரர் உதயகுமார் அவ ஏடிஎம் கார்டைப் பிடுங்கி வெச்சுக்கிட்டாராம். குழுவே வேணாம்னு தள்ளினவ கையில கார்டு எதுக்குன்னு கேட்டாராம். அப்பர் தைச்ச காசு பூரா அவர்கிட்டதான், தலைவலி மாத்திரைக்கு அவரைக் கேக்கணும். "பாவந்தான், ஆனா அவளும் அப்படிப் பண்ணியிருக்கக்கூடாது"ன்னாங்க பவுனம்மாக்கா. ஆமாக்கான்னேன். கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே ஆமாக்கான்னேன். கிலோ நாப்பது சொன்னான், பேரம்கூடப் பேசாம வாங்கிட்டு வந்துட்டேன். நாப்பத்தேழு. மணி அடிச்சு ரெண்டாவது தடவை என் நம்பர் ஓடுது, எழுந்திருடி.

மேசைமேல தாரணின்னு பேர்ப்பலகை. எங்க பொண்ணைவிட நாலஞ்சு வயசு கூட இருக்கும். "சொல்லுங்கம்மா." மனுவைக் கொடுத்தேன், கட்டின ரசீதைக் கொடுத்தேன், பிரின்ட்டைக் கவுத்து வெச்சேன். அந்தப் பொண்ணு நிமித்திப் பார்த்தா. கம்ப்யூட்டரைத் தட்டினா. திட்டப்போறா, ஆப்புல எல்லாம் ஏன்மா வாங்கறீங்கன்னு ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கேக்கப்போறான்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். "ஒரே நாள்ல மூணு தடவை எடுக்கப் பார்த்திருக்காங்க. மூணுக்கும் சார்ஜ் போட்டிருக்கு. ஒண்ணுக்குத்தான் போட்டிருக்கணும்மா. மீதி ரெண்டு எங்க பக்கம் தப்பு." எனக்குப் புரியல. "அப்ப அந்த ஒண்ணு?"ன்னேன். "அது உங்களுது. அதையும்தான் கட்டிட்டீங்களே. நான் திருத்தம் அனுப்பிடறேன், முப்பது நாளைக்குள்ள மாறிடும்." அவ்வளவுதானா. எட்டு மாசம், கம்மல், பாத்ரூம் தாப்பாள், குமுதா, எல்லாம் சேர்ந்து இவ்வளவுதானா. "நீங்க அந்தப் பால்வாடித் தெரு குழு இல்ல? உங்க அப்ளிகேஷனை நான்தான் பார்த்தேன்"னா அந்தப் பொண்ணு. கேக்காம இருந்திருக்கலாம். கேட்டுட்டேன். "மத்தவங்களுக்கும் ஏதாவது இருந்துச்சா மேடம்?" "மத்தவங்க விவரம் சொல்லக்கூடாதும்மா. ஆனா அது நின்னது ஒரே ஒரு பேராலதான், அது உங்க பேர். இது சரியாயிட்டா குழுவுக்குத் தடை எதுவும் இல்ல." ஒரே ஒரு பேர். ஆறு வாரமா தலைகாணிக்கடியில வெச்சிருந்ததை அந்தப் பொண்ணு ஒரு வரியில உருவி எடுத்துட்டா. குமுதா ரெக்கார்டு சுத்தம். லேட்டாக் கட்டினாலும் எப்படியோ கட்டிட்டா, அவ பேர்ல ஒண்ணும் நிக்கல. பன்னெண்டு பேர்ல ஒருத்தி, அந்த ஒருத்தி தீர்மானம் எழுதினவ.

"குழுவுக்கு ஒரு லெட்டர் கொடுக்கட்டுமா? எங்க தப்பும் இருக்கறதால, இன்னார் பதிவு திருத்தப்பட்டது, பன்னெண்டு பேரும் மறுபடி விண்ணப்பிக்கலாம்னு. அதுல உங்க பேர் வரும்." எனக்கு யோசிக்கவே நேரம் வேணாம், வாய் தயாரா இருந்துச்சு. "வேணாம் மேடம். நானே சொல்லிக்கறேன்." சரிம்மான்னு அடுத்த நம்பருக்கு மணி அடிச்சா. நானே சொல்லிக்கறேனாம். தப்பிக்கறதுக்கு எவ்வளவு அழகான வார்த்தை பாரு, தாமாக முன்வந்து மாதிரி. வெளிய வந்து ஏடிஎம் நிழல்ல நின்னேன். முப்பது நாள். முப்பது நாள்ல அழிஞ்சுடும், யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது, பதினோரு பேருக்கும் லோன் வந்துடும், கூரை மாறும், ஃபீஸ் கட்டிடலாம். என் நோட்டுல சிவப்பு கிடையாது. அழிச்சுட்டா அழிஞ்சுபோச்சு. ஆனா குமுதாவோடது எங்க போய் அழிக்கறது, அது எந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கு? அவளே தன்னைப்பத்தி அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கா. செத்துப்போகற வரைக்கும் நினைப்பா, பதினோரு குடும்பத்தைக் கெடுத்தேன்னு. சந்தோஷமா இருக்கணும் நான் இப்ப. இருந்துச்சும்கூட, படி இறங்கும்போது ஒரு நிமிஷம் உடம்பு லேசா இருந்துச்சு, அந்த லேசு வந்ததுதான் தாங்கல. வெயில் சுள்ளுன்னு அடிக்குது. போனை எடுத்தேன், வெச்சேன். சாயந்தரம் நேர்ல போய்ச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். சாயந்தரம் போகமாட்டேன்னு எனக்கே தெரியும், நான் என்னை அவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கேன். போட்டேன்.

ரெண்டாவது ரிங்குலயே எடுத்துட்டா. "அக்கா." "சாப்பிட்டியா குமுதா?" "இனிமேதான்க்கா. எங்க இருக்கீங்க, ஒரே வண்டிச் சத்தம்." "பேங்க் வாசல்ல." "லோன் வந்துடுச்சாக்கா?" குரல்ல அவ்வளவு சந்தோஷம், சத்தியமா, அவளுக்கே வந்த மாதிரி. "வந்துடட்டும்க்கா, என்னாலதான் எல்லாருக்கும் தள்ளிப்போச்சு. பவுனம்மாக்கா கூரையை நினைச்சா எனக்கு ராத்திரியில தூக்கம் வர்றதில்ல." வெச்சுடலாம், சிக்னல் இல்லைன்னு வெச்சுடலாம். "உன்னால இல்ல குமுதா"ன்னேன். "அது நான். நான் ஆப்புல கடன் வாங்கிக் கணக்கு மைனஸ் ஆயிடுச்சு. பேங்குல இப்பதான் சொன்னாங்க, ஒரே ஒரு பேர்தான் இருந்துச்சாம். என் பேர். எனக்கு முன்னாடியே தெரியும். அன்னிக்குக் கூட்டத்துலயே தெரியும், தெரிஞ்சேதான் எழுதினேன்."

திட்டுவா, திட்டட்டும்னு போனைக் காதோட அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பாவி, துரோகி, என் குடும்பத்தைக் கெடுத்தியேன்னு கேட்டிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன், அதுக்குத்தான் நின்னேன். அவ, "அப்ப நான் இல்லையாக்கா?"ன்னா. "இல்ல." "அந்த வாஷிங் மிஷின் தவணை?" "அதால ஒண்ணுமே இல்ல." "நான் ஒண்ணுமே பண்ணலையா?" "நீ ஒண்ணும் பண்ணல குமுதா." மறுபடியும் கேட்டா, "நிஜமாவாக்கா, நான் ஒண்ணும் பண்ணலையா?" நிஜமாத்தான்னேன். என்னைப்பத்தி அவ ஒரு வார்த்தை கேக்கல, ஏன் பண்ணீங்கன்னுகூடக் கேக்கல. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டு, "அக்கா, அவரு சாப்பிட வந்திருக்காரு. இதை அவர்கிட்ட ஒரு தடவை சொல்லிடறீங்களா? நான் சொன்னா நம்பமாட்டாரு. நீங்க சொன்னா நம்புவாரு."

நான் பதில் சொல்றதுக்குள்ள நடந்து போற சத்தம், தட்டு நகர்ற சத்தம், போன் கை மாறுது. "யாரு?"ன்னு உதயகுமார் கேக்கறது கேட்டுச்சு. ஞானசௌந்தரின்னேன், குழுவோட பொருளாளர்னேன். "ஓ, நீங்களா. இன்னும் அவ ஏதாவது கட்டணுமா?"ன்னார். இல்லைங்கன்னேன். "அப்ப சொல்லுங்க"ன்னார். பக்கத்துல குமுதா நிக்கறது தெரிஞ்சுது. மொதல்லேருந்து ஆரம்பிச்சேன்.